கடைசியாக நன்றாக இருந்த நேரம்

சால்ட் லேக் சிட்டி

விமானத்திலிருந்து பார்த்தபோது ஏரி வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு உப்பு. வேதாரண்யம் பக்கம் போனால் இதே வெள்ளையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பாத்தி கட்டி, மிதித்து, வாரிக் குவிக்க ஆள் இருக்கும். இங்கே ஏரி தன்னால் காய்ந்துகொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் அதன் நீர்மட்டம், அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்கு இறங்கியதாம். கரையில் நடந்தபோது கறுப்புக் கம்பளம் விரித்ததுபோல் ஈக்கள் அப்பிக் கிடந்தன. காலை வைத்ததும் கம்பளம் பிளந்து வழிவிட்டது. யாரையும் மொய்க்காத ஈக்களை முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் மன்னார்குடிக்காரி. முப்பத்தொரு வருஷம் அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.டி. எனப்படும் ரெக்கார்டு பிரிவில் வேலை பார்த்தேன். கேஸ் ஷீட்டுகளை எண் வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்ட வேண்டும், நோய்க்கு ஐசிடி எண் போட வேண்டும், கோர்ட்டிலிருந்து ஆள் வந்தால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கரையானோடும் ஒழுகும் கூரையோடும் சண்டை போட்டே ஓய்வு பெற்றேன். “ரெக்கார்டு ரூமைத் தவிர ஒலகத்துல வேற என்னல்லாம் இருக்குன்னு வந்து பாரும்மா” என்று அமெரிக்காவில் இருக்கும் மகள் கூப்பிட்டாள். வந்த இடத்திலும் அதையேதான் பார்த்தேன்.

ஊர் அப்படி வாய்த்தது. இங்குள்ள மார்மன் சபையாருக்கு முன்னோர் பெயர்களைத் தேடி எடுப்பது சமயக் கடமை. நடு ஊரில் அவர்கள் நடத்தும் ஃபேமிலிசர்ச் நூலகம்தான் வம்சாவளிப் பதிவுகளுக்கு உலகிலேயே பெரியது. யாரும் உள்ளே போய் இலவசமாகத் தேடலாம். ஊருக்கு வெளியே கிரானைட் மலையைக் குடைந்து ஒரு பெட்டகம் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நமக்கு அனுமதி இல்லை. பல நாட்டுப் பதிவேடுகளைப் படம் எடுத்துச் சேர்த்த மைக்ரோஃபிலிம் சுருள்கள் 24 லட்சம். அவற்றை 1998இல் கணினிக்கு மாற்றத் தொடங்கி 2021இல் முடித்தார்கள். மலையைப் பார்த்து என்னையறியாமல் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த வாரம் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். மருத்துவத் தரவுகளில் வேலை செய்பவர். என் பழைய உத்தியோகத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அமெரிக்க ஆம்புலன்ஸ்காரர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் நிரப்பும் குறிப்புகள் பெயர், விலாசம் நீக்கப்பட்டு ஒரு தேசியத் தொகுப்பில் சேர்கின்றன. அதற்கு நெம்சிஸ் என்று பெயர். அதன் தொழில்நுட்ப மையம் இதே ஊரில், யூட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளின் விவரம் வந்து சேர்கிறது. எந்த வட்டாரத்தில் போதை மருந்து மிஞ்சிப்போய் ஆட்கள் விழுகிறார்கள் என்பதைக்கூட இதை வைத்து வரைபடம் போடுகிறார்கள்.

“காகிதத்துல இருந்தா இதை எண்ணவே முடியாது, ஆன்ட்டி” என்றார். உண்மை. மாதாந்திர அறிக்கைக்காக விரலில் எச்சில் தொட்டு நாலாயிரம் கேஸ் ஷீட் புரட்டியவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சிக்காக வைத்திருந்த போலி நோயாளியின் படிவத்தை டேபில் திறந்து காட்டினார். அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், நோயாளியின் பக்கத்தில் போய் நின்ற நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். நோய்க்கும் விபத்துக்கும் ஐசிடி எண்கள். அமெரிக்கப் பட்டியலில் வாத்து மோதியதற்குக்கூடத் தனி எண் உண்டு, டபிள்யூ61.62. சிரித்துக்கொண்டே விரலால் தள்ளிப் போனவள் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டேன்.

‘கடைசியாக நன்றாக இருந்த நேரம்.’

பக்கவாதம் வந்தவருக்கான கேள்வி. எப்போது விழுந்தார் என்பதைவிட, கடைசியாக எப்போது அவரை நன்றாகப் பார்த்தீர்கள் என்பதுதான் முக்கியம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும்.

என் அண்ணன் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். மணிமணியான கையெழுத்து. ஒரு நாள் காலை வாய் கோணி விழுந்தார். 108 வந்தது. வண்டியில் வந்த பையன் அண்ணியிடம் பொறுமையாகக் கேட்டு, தன் படிவத்தில் நேரத்தை எழுதிக்கொண்டான். முதலில் போன மருத்துவமனையில் அந்தப் படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டியில் அனுப்பியபோது கூட வந்தது நாலு வார்த்தைச் சீட்டு மட்டும். பத்து மணிக்கு டாக்டர் கேட்டார், “எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?” அண்ணிக்குப் பேச்சே வரவில்லை. கூட வந்த ஒருவர், “ராத்திரியே தலைவலின்னாரு” என்றார். நேரம் நிச்சயமில்லாமல் அந்த ஊசியைப் போட முடியாது. போடவில்லை.

அண்ணன் பிழைத்தார். வலது கை போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அந்த முதல் மருத்துவமனைக்குப் போனேன். துறையில் தெரிந்தவர்கள், கோப்பை எடுத்துக் காட்டினார்கள். 108 படிவம் உள்ளே இருந்தது. ‘6.40 – காபி குடித்தார், பேப்பர் படித்தார், நார்மல்.’ கிழியவில்லை, கசங்கவில்லை. நான் அடுக்குவது போலவே அழகாக நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

டேபை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் தெற்கே கிளம்பினோம்.

கார்பன் கவுண்ட்டி

மலை ஏறி சோல்ஜர் சம்மிட் தாண்டினால் பச்சை குறைந்து சாம்பல் நிறக் குன்றுகள் தொடங்குகின்றன. நிலக்கரிச் சீமை. மாவட்டத்தின் பெயரே கார்பன் கவுண்ட்டி. கார்பன் தாள் வைத்து எழுதியே வாழ்க்கை ஓட்டியவளுக்கு அந்தப் பலகை சிரிப்பை வரவழைத்தது.

வழியில் ஸ்கோஃபீல்ட் என்ற குக்கிராமத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வரிசை வரிசையாக ஒரே தேதி: மே 1, 1900. சுரங்கம் வெடித்த நாள். இறந்தவர்கள் அதிகாரப்பூர்வக் கணக்கில் 200 பேர். அதைவிடக் கூடுதல் என்று அன்றே சொன்னவர்களும் உண்டு. காற்று ஊளையிட்டது. புல் முட்டிக்கால் உயரம் வளர்ந்திருந்தது. எத்தனை பேர் என்பதே நூறு வருஷத்துக்கு மேலாக வாதமாக இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கையில், எழுதி வைப்பது வெறும் குமாஸ்தா வேலை இல்லை என்று தோன்றியது.

அடுத்த ஊர் ஹெல்ப்பர். பாரம் ஏற்றிய ரயில்கள் மலையேற முடியாமல் திணறும்போது பின்னாலிருந்து தள்ள இங்கேதான் உதவி எஞ்சின் மாட்டுவார்களாம். அதனால் அந்தப் பெயர். கிரேக்கரும் இத்தாலியரும் சுரங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட ஊர். ஒரு காபிக் கடையில் பக்கத்து மேஜைப் பெரியவர் என் புடவையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். எண்பதைத் தாண்டியவர். சுரங்கத்தில் வேலை, மற்ற நேரத்தில் ஊர் ஆம்புலன்ஸில் தன்னார்வ ஊழியம் என்று 1970களில் இருந்திருக்கிறார்.

“அதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் யார் ஓட்டினது தெரியுமா? சவ அடக்கம் பண்றவங்க” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையிலேயே இது இருக்கிறது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதி சவ அடக்கக்காரர்கள் கையில் இருந்தது. படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அவர்கள் எதையும் எழுதுவதில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பயிற்சி வந்தது, படிவமும் வந்தது.

பெரியவர் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு பழைய படிவக் கட்டைக் காட்டினார். மூன்று தாள் ஒட்டியது. வெள்ளை, மஞ்சள், ரோஸ். மேலே எழுதினால் கீழே பதியும். மனித உடலின் முன்பக்கம், பின்பக்கம் கோட்டுப் படமாக அச்சாகியிருந்தது. அடிபட்ட இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். ஓடும் வண்டியில் எழுதினால் எழுத்து எப்படிப் போகும் என்று கையை ஆட்டிக் காட்டினார்.

“வெள்ளை எங்க ஆபீசுக்கு. மஞ்சள் பில் போட. ரோஸ் ஆஸ்பத்திரிக்கு.”

ரோஸ் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பெரியவர் விளக்கம் சொல்ல எழுதிக் காட்டிய வரி அதில் பேய் எழுத்தாக விழுந்திருந்தது.

“யாருக்கு அவசரமோ அவங்களுக்கு மூணாவது காப்பி” என்றார். “ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த ரோஸ் தாளை நோயாளி நெஞ்சு மேல வெச்சிட்டுத்தான் வருவேன். என் கண்ணு முன்னாடி நர்ஸ் அதை எடுத்துப் பார்ப்பா. புரியலைன்னா என்னையே கேட்பா.”

அவர் மனைவி உருளைக்கிழங்குத் துருவலும் சீஸும் போட்டு அவனில் வைத்த ஒரு பண்டம் கொடுத்தார். துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கமாம். பெயரே ‘சாவு வீட்டு உருளைக்கிழங்கு’. நல்ல நாளிலும் சாப்பிடுவார்கள். நம் ஊரில் அப்படிப் பெயர் வைத்தால் யார் வாயில் வைப்பார்கள்? நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிரீன் ரிவர்

இந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் முலாம்பழத்துக்கும் தர்ப்பூசணிக்கும் பெயர் போனது. ஆற்றங்கரை மணல், பகலில் கொளுத்தும் வெயில், இரவில் குளிர். அதில்தான் இனிப்பு ஏறுகிறதாம். சாலையோரப் பந்தலில் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்த்துக் கொடுத்த ஆளின் இடுப்பில் வாக்கி டாக்கி தொங்கியது. பழ வியாபாரி, கூடவே ஆம்புலன்ஸ் தன்னார்வலர்.

இங்கிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் போனால் சலைனா ஊர் வரை சுமார் 170 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் இல்லை, டீக்கடை இல்லை. மன்னார்குடியிலிருந்து கிளம்பினால் திருச்சி தாண்டித் திண்டுக்கல் போகிற வழியில் பாதிக்கு மேல் வந்துவிடுகிற தூரம். அந்தத் தூரத்தில் எனக்கு முந்நூறு டீக்கடையாவது கண்ணில் படும். இங்கே பாறை, வானம், மறுபடி பாறை. அங்கே வண்டி கவிழ்ந்தால் இவர்கள்தான் போக வேண்டும்.

“டேப் இருக்கு. சிக்னல் இருக்காது. உள்ளேயே சேமிச்சு வெச்சிருந்து ஊருக்குத் திரும்பினதும் அனுப்பிடும்” என்றார். அது சரி, ஓடும் வண்டியில் எழுதுவது எப்படி என்று கேட்டேன். அவர் தொடையைத் தட்டிக் காட்டினார். பேன்ட் மேல் அகலமான வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை நீளமாக ஒட்டிக்கொள்வாராம். ரத்த அழுத்தம், நாடி, கொடுத்த மருந்து, நேரம் எல்லாம் அதில்தான். அவசரத்தில் கையுறையின் முதுகிலும் கிறுக்குவார்கள். ஆஸ்பத்திரி போன பிறகு பிளாஸ்திரியைப் பார்த்து டேபில் ஏற்றுவது.

அப்படியானால் காகிதம் ஒழியவில்லை, தொடைக்கு இடம் மாறியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு சொன்னதுதான் மனதில் தங்கிவிட்டது.

“கை, கால் நசுங்கி ரத்தம் நிக்காம ஓடினா மேல இறுக்கிக் கட்டுவோம். கட்டின நேரம் ரொம்ப முக்கியம். அதைத் தாள்லயும் எழுத மாட்டேன், டேபிலயும் எழுத மாட்டேன் முதல்ல. ஆளோட தோல்லயே எழுதிடுவேன். நெத்தியில எழுதறவங்களும் உண்டு. ஹெலிகாப்டர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் தோல் கூடவே போகும்.”

அவர் வீடு பந்தலுக்குப் பின்னால்தான். மகள் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது உள்ளே அழைத்தார். குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தோடு ஒட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் உறை இருந்தது. அவர் அம்மாவுக்கானது. உள்ளே ஒரு தாள்: வயது, நோய், தினசரி மாத்திரை, ஒவ்வாமை, யாரைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்களில் முதியவர்களுக்கு இதை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்ப்பார்களாம். தேசியத் தொகுப்பு வைத்திருக்கிற நாட்டில், சமையலறையில் ஒரு காகிதம்.

தர்ப்பூசணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் கட்டி வந்திருந்த புளிசாதத்தில் ஒரு பொட்டலம் கொடுத்தேன். நிலக்கடலையைத் தனியாகப் பொறுக்கி எடுத்து ரசித்துத் தின்றார்.

மோவாப்

‘திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். ராஜகோபாலசாமி கோயில் மதிலைவிடப் பெரிய மதில் இருக்காது என்றுதான் எண்ணம். மோவாபுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த பாறை மதில் எழுந்தது. சாயங்கால வெயில் பட்டதும் அது செம்பருத்தி நிறமாகி, பிறகு காவியாகி, கடைசியில் ஊதாவாக அவிந்தது. மனதுக்குள் கோபாலனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சுமார் 5,000 பேர் வாழும் ஊர். பக்கத்து ஆர்ச்சஸ் பூங்காவுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வருகிறார்கள். பாறையில் வழுக்குவது, சைக்கிளில் விழுவது, வெயிலில் மயங்குவது எல்லாம் உண்டு. ஆம்புலன்ஸுக்கு ஓய்வில்லை. காலை உணவு விடுதியில் எங்கள் மேஜையைப் பகிர்ந்துகொண்ட இளம்பெண் இரவுப் பணி முடித்து வந்த பாராமெடிக். முட்டையைக் கிளறிக்கொண்டே மடியில் டேபை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ராத்திரி ரெண்டு மணிக் கேஸ். ரிப்போர்ட் இப்பத்தான் முடிக்கிறேன்” என்றாள். மணி ஏழரை.

எட்டிப் பார்த்தேன். நோயாளி விவரம் எதுவும் கண்ணில் படாதபடி திருப்பிக்கொண்டாள். ஒழுக்கம் தெரிந்த பெண். ஆனால் ஓரங்களில் சிவப்புக் கட்டங்கள் தெரிந்தன. நிரப்பாவிட்டால் சிவப்பு. எல்லாம் மாறினால்தான் படிவம் மூடும். இதய மானிட்டரிலிருந்து ஈசிஜியும் நாடியும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அது பெரிய வசதி, யாரும் பொய் நேரம் போட முடியாது என்றாள். ஆனால் மானிட்டரின் கடிகாரமும் கட்டுப்பாட்டு அறையின் கடிகாரமும் இரண்டு நிமிஷம் வித்தியாசப்பட்டால், ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்கு முன்பே நோயாளிக்கு மருந்து கொடுத்ததாகப் படிவம் சொல்லுமாம்.

“ஒரு தாத்தா என்கிட்ட சொன்னார், ‘அந்தப் பெட்டியோட பேசி முடிச்சதும் என்னோட பேசு, நான் இங்கதான் இருப்பேன்’னு. அன்னையிலிருந்து நோயாளி முன்னாடி டேபைத் திறக்கறதைக் கொறைச்சுட்டேன்.”

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். “நீ ஏழரைக்கு முடிக்கிற ரிப்போர்ட்டை ரெண்டரைக்குப் பார்த்த டாக்டர் எப்படிப் படிச்சார்?”

கரண்டியைக் கீழே வைத்தாள். “படிக்கலை. வாயால சொன்னேன். அரை நிமிஷம்.”

“அப்ப இதை யார் படிப்பாங்க?”

“முதல்ல பில் போடறவங்க. ஆம்புலன்ஸ்லதான் கொண்டுபோயே ஆகணும்னு ஏன் தோணுச்சு, அதை எழுதலைன்னா இன்ஷூரன்ஸ் பணம் தராது.”

நம் 108இல் பில் என்ற சொல்லே கிடையாது. 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழ்நாட்டில் அது ஓடத் தொடங்கியதிலிருந்து யாரும் காசு கொடுத்து ஏறியதில்லை. இங்கே காப்பீடு சரியில்லாவிட்டால் ஆம்புலன்ஸ் பில்லைப் பார்த்தே நெஞ்சு வலிக்கும் என்று மகள் சொன்னாள். இரண்டு நாட்டையும் தராசில் வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அண்ணனின் வலது கை நினைவுக்கு வர, ஆசை அடங்கியது.

பெரிய காயம் என்றால் இங்கிருந்து கொலராடோ மாநிலத்து கிராண்ட் ஜங்ஷனுக்கு அனுப்புவார்களாம். வேறு மாநிலம், வேறு மென்பொருள். ஒன்று இன்னொன்றோடு பேசாவிட்டால்?

“ஃபேக்ஸ்” என்றாள். மூவரும் சிரித்தோம். எங்கள் ஊரில் ஃபேக்ஸ் மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுப் பல வருஷம் ஆகிறது.

மான்யுமென்ட் வேலி

சான் வான் ஆற்றைத் தாண்டினால் நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ தேசம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் பரப்பு. உள்ளே வாழ்பவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. செம்மண் வெளியில் தூரத்துக்கு ஒன்றாகப் பாறைத் தூண்கள், கோபுரம் இருந்து கோயில் இல்லாத மாதிரி. வீட்டின் வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. முதல் சூரியன் வீட்டுக்குள் வர வேண்டும். பந்தலில் ஆட்டுக்கறிக் குழம்பும், எண்ணெயில் பொரித்த ரொட்டியும் விற்ற அம்மாளிடம் எங்கள் வீடும் கிழக்கு வாசல்தான் என்றேன். கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தார். பூரியின் பெரியம்மா என்று சொல்லலாம், அவ்வளவு தடிமன்.

அவர் மகன் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறான். அவனும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேச்சு குறைவு. படிவத்தில் எந்தக் கட்டம் கஷ்டம் என்று கேட்டதற்கு, “விலாசம்” என்றான்.

இங்கே பல வீடுகளுக்குத் தெருப் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. சில வீடுகளில் கூகுள் பிளஸ் கோடு எழுதிய பலகை மாட்டியிருக்கிறார்கள். மற்றபடி, காற்றாடியைத் தாண்டி, பழைய டயர் கிடக்கும் இடத்தில் இடது பக்கம், வெள்ளைக் குதிரை நிற்கும் வீடு. குதிரை மேயப் போயிருந்தால் தேட வேண்டியதுதான். ‘மாரியம்மன் கோயில் பின்னாடி, ரேஷன் கடைச் சந்து’ என்று 108க்குச் சொல்கிற என் ஊர் அங்கே எனக்குத் தெரிந்தது.

“நேரமும் தொல்லை” என்றான். பக்கத்து அரிசோனா மாநிலம் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள்ளும் பரந்திருக்கும் நவஹோ தேசம் மாற்றும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் செல்போன் ஒரு மணி நேரம் தாவும், திரும்பும்போது மறுபடி தாவும். என் போனிலேயே அன்று மதியம் இரண்டு முறை பன்னிரண்டரை வந்தது. அவன் கையில் முள் வைத்த சாதாரணக் கடிகாரம் கட்டியிருந்தான். “நான் இதைத்தான் நம்புவேன்.”

பாட்டிமார் நவஹோ மொழியில் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்ல, இவன் கேட்டு எழுதுகிறான். சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அது அடங்காது. அதனால் கடைசியில் உள்ள ‘நடந்ததைச் சொல்’ என்ற வெற்றுக் கட்டத்தில்தான் அவன் நிறைய எழுதுவான். நெம்சிஸ் தரநிலையில் அந்தக் கட்டத்துக்கு ஈநரேட்டிவ்.01 என்று எண். நூற்றுக்கணக்கான கட்டங்களுக்கு நடுவே மனிதர் பேசுகிறபடி எழுத விட்ட இடம்.

“அதுக்கு அப்புறம் என்ன செய்வே?” என்றேன்.

“ஆஸ்பத்திரியில நர்ஸ் கண்ணைப் பார்த்து ஒரு தடவை வாயால சொல்லுவேன். அவங்க திருப்பிச் சொன்னாத்தான் அங்கேயிருந்து நகருவேன்.”

ஹெல்ப்பரில் ரோஸ் தாளை நெஞ்சில் வைத்துவிட்டு நின்ற கிழவரும் இதைத்தான் செய்திருக்கிறார். நடுவில் ஐம்பது வருஷம், ஒரு டேப். மற்றபடி அதே நிற்பு.

மன்னார்குடி

ஹரித்ராநதி தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. உப்பு ஏரியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அதுவே கடல். படித்துறையில் அண்ணனோடு உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னேன். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். எழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளையுடையது போல் இருக்கிறது. வாத்து மோதியதற்கு எண் உண்டு என்றதும் கோணிய வாயால் வெகுநேரம் சிரித்தார்.

காகிதமா டேபா என்று என்னைக் கேட்டால், எண்ணிப் பார்க்க டேப்தான். கையெழுத்து புரியவில்லை என்ற பேச்சே எழாது. கரையானும் தின்னாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் பதிவைப் பத்திரமாக வைப்பதையே வேலை என்று நினைத்திருந்தேன். பத்திரமாக இருப்பது வேறு, போய்ச் சேருவது வேறு. அண்ணனின் 6.40 பத்திரமாக இருந்தது. மோவாப் பெண்ணின் ஏழரை மணி ரிப்போர்ட்டும் பத்திரமாகத்தான் இருக்கும். நோயாளியோடு கூடப் போகாத குறிப்பு, தாளில் இருந்தால் என்ன, டேபில் இருந்தால் என்ன, ரெக்கார்டு ரூமுக்குத்தான் உதவும்.

வந்ததும் இரண்டு வேலை செய்தேன். அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டியில் அவர் மாத்திரைகளையும் நோயையும் என் போன் எண்ணையும் எழுதி ஒட்டினேன். அண்ணியின் சமையலறை மேடைமேல் ஒரு பேனாவை நூல் கட்டித் தொங்கவிட்டேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், ஒரு பக்கக் கை தொய்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று யோசித்து, அந்த நேரத்தை அவர் முன்கையிலேயே பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள்.